அமெரிக்காவில் எஸ்டேட் ஏலத்தில் பழைய காசு வாங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

எஸ்டேட் என்றதும் நமக்கு வால்பாறையும் தேயிலைச் செடியும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற வீடு, நிலம், கார், கட்டில், சமையலறைக் கரண்டி வரைக்கும் எல்லாமே சேர்ந்து அவருடைய எஸ்டேட். உயிலில் பொறுப்பாளராகப் பெயர் போட்டிருப்பவர் அதையெல்லாம் பணமாக்கிக் கடனை அடைத்து, மிச்சத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில் இருப்பார்கள், அப்பாவின் காசுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது, தெரியவும் தெரியாது. அதனால் உள்ளூர் ஏலக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாக ஒப்படைத்துவிடுகிறார்கள். நல்ல காசுகள் பெரிய நகரத்துக் கடைக்குப் போகாமல் ஒரு சனிக்கிழமை காலையில் கிராமத்து ஹாலில் மேசைமேல் வந்து உட்காருவதற்கு இதுதான் காரணம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே லங்காஸ்டர், பெர்க்ஸ் மாவட்டங்களின் பக்கம் ஏலம் என்பது ஊர்த் திருவிழா மாதிரி. தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் ஹாலில் நடக்கும், வாசலில் சிக்கன் கார்ன் சூப் விற்பார்கள், முன்வரிசையில் வியாபாரிகள் காலை ஏழரைக்கே வந்து நாற்காலியில் சட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். நான் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை மனதில் வைத்து, வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும். ஏலத்தில் நாம் வாங்குவது கை தூக்கும்போது இல்லை, அதற்கு முன்னால் காசைக் கையில் எடுத்துப் பார்க்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். பார்க்காத காசுக்குக் கை தூக்காதீர்கள்.

எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஆக்‌ஷன்ஜிப் என்ற தளத்தில் உங்கள் ஜிப் கோடையும் எத்தனை மைல் சுற்றளவு என்பதையும் போட்டால், வரப்போகும் ஏலங்கள் தேதிவாரியாக வரும். ஹைபிட் என்ற தளத்தில் ஆன்லைனில் நடப்பவை இருக்கும். உள்ளூர்ச் செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், சில வயதான ஏலக்காரர்கள் இன்னமும் அதில்தான் போடுகிறார்கள்.

விளம்பரத்தை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது, இது காசுக்கென்றே நடக்கும் ஏலமா, இல்லை வீட்டுச் சாமான்களோடு காசும் வருகிற ஏலமா என்பது. காசுக்கென்றே நடந்தால் வியாபாரிகள் மொத்தமாக வந்துவிடுவார்கள், விலை கடை விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஆனால் ஒவ்வொரு காசும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. டிராக்டர், தையல் மெஷின், பீங்கான் தட்டு என்று பட்டியல் ஓடி நடுவில் “சில வெள்ளி டாலர்கள், பழைய சென்ட்கள்” என்று ஒரு வரி இருந்தால், எனக்கு அதுதான் பிடிக்கும். கூட்டம் தையல் மெஷினுக்காக வந்திருக்கும். முதல் இரண்டு ஏலத்துக்கு வாங்கும் எண்ணமே இல்லாமல் போங்கள். ஒரு நோட்டில் என்ன காசு, என்ன விலைக்கு விழுந்தது என்று எழுதிக்கொண்டே உட்கார்ந்திருங்கள். அந்த நோட்டு பின்னால் எந்த விலைப் புத்தகத்தையும்விட உதவும், ஏனென்றால் அது உங்கள் ஊர் விலை.

அப்புறம் விதிமுறைகள். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். பையர்ஸ் பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள், அதாவது சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் சதவீதம். நேரில் நடக்கும் சின்ன ஏலங்களில் இது இல்லாமலும் இருக்கலாம், 10 சதவீதமும் இருக்கலாம், ஆன்லைனில் 15, 18, 20 என்று ஏறும். கடன் அட்டைக்குத் தனியாக 3 சதவீதம் போடுகிற இடங்களும் உண்டு, அதனால் ரொக்கமோ செக்கோ கொண்டுபோவது நல்லது. விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில மாநிலங்களில் காசுக்கு வரி விலக்கு உண்டு, பதிவு செய்யும் மேசையில் கேட்டால் சொல்வார்கள். “அப்சல்யூட்” என்று போட்டிருந்தால் குறைந்தபட்ச விலை எதுவும் இல்லை, எவ்வளவுக்குப் போனாலும் விற்றுவிடுவார்கள். “ரிசர்வ்” என்றால் உரிமையாளர் மனதில் ஒரு விலை இருக்கிறது, அதற்குக் கீழே போனால் கொடுக்க மாட்டார்கள். “இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்” என்ற பொருளில் ஒரு வாசகம் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், இது சரியில்லை என்று திரும்பி வர முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஒன்று, சின்னக் காந்தம் ஒன்று, செல்போன், பேனா, நோட்டு. இவ்வளவுதான். மூன்று பொருளும் சேர்த்து ஐம்பது டாலருக்குள் வாங்கிவிடலாம். தராசில் வைப்பதற்கு முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். செல்போனில், காசுகளுக்குத் தரம் போடும் நிறுவனமான பிசிஜிஎஸ்ஸின் காயின்ஃபேக்ட்ஸ் ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான், ஒவ்வொரு வருடக் காசும் எத்தனை அச்சடிக்கப்பட்டது, தரத்துக்கு ஏற்ப என்ன விலை, படம் எல்லாம் இருக்கும். ஹாலில் சிக்னல் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டு, தேவையான எடைகளையும் அரிய வருடங்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

எழுத வேண்டிய எடைகள் இவை. 1964 வரை அச்சடித்த 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் எல்லாம் 90 சதவீதம் வெள்ளி. 10 சென்ட் 2.50 கிராம், கால் டாலர் 6.25, அரை டாலர் 12.50. 1965இலிருந்து வந்த செம்பு நிக்கல் காசுகள் எடை குறைவு, கால் டாலர் 5.67 கிராம்தான். அரை டாலர் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீத வெள்ளியில் வந்தது, எடை 11.50. மார்கன், பீஸ் என்ற இரண்டு வகை வெள்ளி டாலரும் 26.73 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாக இருக்கும், அது இயல்பு. ஆனால் பளபளவென்று புதிதாக இருக்கும் மார்கன் 24 கிராம் காட்டினால் கீழே வைத்துவிடுங்கள்.

ஒரு ஓரம் பழுப்பான பெட்டியிலிருந்து பத்து டாலர் முகமதிப்புள்ள வெள்ளிச் சில்லறை கிடைத்தால் அதில் எவ்வளவு வெள்ளி? தேய்மானம் போக ஒரு டாலர் முகமதிப்புக்கு 0.715 டிராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளியை நிறுக்கும் அவுன்ஸ், 31.1 கிராம்) என்று வியாபாரிகள் கணக்குப் போடுவார்கள். அதாவது நான்கு கால் டாலரோ பத்து 10 சென்ட் காசோ சேர்ந்தால் 0.715 அவுன்ஸ். பத்து டாலருக்கு 7.15 அவுன்ஸ். அன்றைய வெள்ளி விலை அவுன்ஸ் 30 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 214 டாலர் 50 சென்ட். ஒரு மார்கன் டாலரில் 0.7734 அவுன்ஸ், அதே விலையில் 23 டாலர் 20 சென்ட். வெள்ளி விலை தினமும் ஆடும், காலையில் கிளம்பும் முன் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகைதான் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் தரை. வெள்ளிக் காசு பொதுவாக இதற்குக் கீழே போகாது, பிரீமியத்தையும் சேர்த்து இதற்குக் கீழே போனால் கை தூக்கத் தயங்க வேண்டாம்.

பார்வை நேரம்

ஏலத்துக்கு முன் இரண்டு மணி நேரமாவது காசுகளைப் பார்க்க விடுவார்கள், சிலர் முந்தைய நாள் மாலையும் திறந்து வைப்பார்கள். அந்த நேரம் முழுவதும் அங்கே இருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், லாட் எண் (ஏலத்தில் ஒன்றாக விடும் பொருளுக்கோ தொகுதிக்கோ தந்த எண்) சொன்னால் எடுத்துத் தருவார். காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, மேசைக்கு மேலாகத் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள், கை நழுவினாலும் கீழே விழாது. சில சமயம் குடும்பத்தார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அப்பா வாழ்நாளெல்லாம் சேர்த்ததை முன்பின் தெரியாதவர்கள் புரட்டிப் பார்ப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும். “இதெல்லாம் குப்பை” என்று சத்தமாகச் சொல்லும் வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை.

ஒரு மார்கன் டாலரைக் கையில் எடுத்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். இந்த வகை 1878 முதல் 1904 வரையும் பிறகு 1921லும் அச்சடிக்கப்பட்டது. முதலில் வருடம். பிறகு திருப்பிப் போட்டு, கழுகின் வாலுக்கும் மாலை முடிச்சுக்கும் கீழே மிண்ட் மார்க்கை, அதாவது எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் பிலடெல்பியா. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர், ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்று இரண்டு எழுத்து இருந்தால் நெவாடாவின் கார்சன் சிட்டி, அங்கே நின்று மூச்சை இழுத்துக்கொள்ளலாம். 1921இல் பிலடெல்பியாவில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், அது வெள்ளி விலைக்குப் பக்கத்தில்தான் போகும். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம்தான், தேய்ந்து போயிருந்தாலும் ஆயிரக்கணக்கில் போகும், அதனாலேயே அதைப் போலியாகச் செய்பவர்களும் அதிகம். எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்தும் முடிவுக்கு வரக்கூடாது. 1918ஆம் வருடத்துப் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள், எந்த வருடத்துக் காசு எத்தனை தப்பியது என்பது அந்தந்த மூட்டையின் தலையெழுத்து.

அடுத்தது தேய்மானம். காதுக்கு மேலே இருக்கும் கூந்தல் கோடுகளும் கழுகின் மார்புச் சிறகுகளும்தான் முதலில் தேயும், லூப்பை அங்கே வையுங்கள். பிறகு காசை விளக்குக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். புழக்கத்துக்குப் போகாத காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி சுற்றி வரும். கழுவித் துடைத்த காசில் வெளிச்சம் சுற்றாது, முழுக்க ஒரே மாதிரி வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், லூப்பில் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் கூட்டமாக ஓடும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய அழுக்கு கறுப்பாகத் தங்கியிருக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைப் பளபளவென்று தேய்த்து வைத்துப் பழகிய நமக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் சேகரிப்பில் பளபளப்பு வேறு, மேற்பரப்பு கெடாமல் இருப்பது வேறு. கழுவிய காசின் விலை நன்றாகக் குறைந்துவிடும்.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு ஏலத்தில் கார்சன் சிட்டி டாலர் ஒன்று வந்தது. பார்வை நேரத்தில் கூட்டமாக இருந்ததால் கண்ணாடிக்கு மேலாகவே பார்த்துவிட்டு, வெள்ளையாக இருக்கிறதே, நல்ல காசு என்று நினைத்து 240 டாலர் வரை போய் வாங்கினேன். தரம் பார்க்க அனுப்பினேன், “துடைக்கப்பட்டது” என்ற குறிப்போடு திரும்பி வந்தது, தர எண்ணே கொடுக்கவில்லை. அனுப்பிய செலவு வேறு. அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் அதையும் துடைக்காத ஒரு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன், ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

சென்ட் காசுகள் பெரும்பாலும் நீல அட்டை ஆல்பத்தில் வரும், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு குழி இருக்கும். 1909 முதல் 1958 வரை பின்பக்கம் கோதுமைக் கதிர் போட்ட லிங்கன் சென்ட். முதலில் நான்கைந்து குழிகளை மட்டும் பாருங்கள். 1909 எஸ் விடிபி (பின்பக்க அடியில் சிற்பியின் பெயரெழுத்துகள் விடிபி இருப்பது, 4 லட்சத்து 84 ஆயிரம்தான் அடித்தார்கள்), 1914 டி, 1931 எஸ் ஆகியவை நிரம்பியிருந்தால் ஆல்பத்தின் மதிப்பே வேறு. ஆனால் நிரம்பியிருக்கிறது என்பதற்காகவே சந்தேகப்படவும் வேண்டும். 1944 டி காசில் முதல் 4ஐச் செதுக்கி 1ஆக மாற்றி 1914 டி என்று விற்பது பழைய வேலை. கண்டுபிடிப்பது சுலபம். லிங்கனின் தோள்பட்டை ஓரத்தில் லூப் வைத்துப் பாருங்கள், வடிவமைத்த சிற்பியின் பெயரெழுத்துகள் விடிபி சின்னதாகத் தெரிகிறதா? அந்த எழுத்துகள் தோளில் வந்தது 1918இலிருந்துதான். 1914 என்று வருடமும் தோளில் விடிபியும் சேர்ந்து இருந்தால் அது போலி. 1943இல் போருக்காகச் செம்பை மிச்சப்படுத்த எஃகில் சென்ட் அடித்தார்கள், அதில் செம்பு நிறத்தில் ஒன்று கிடைத்தால் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் செம்பு முலாம் பூசிய சாதாரணக் காசு. அதே போர்க்காலத்து 5 சென்ட் காசுகளில் 35 சதவீதம் வெள்ளி. பின்பக்கம் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாக ஒரு எழுத்து இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். வியாபாரிகள் கவனிக்காத சில்லறை டப்பாவில் இதை நான் நிறைய எடுத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டு வரும் காசுகளில் பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டையும் நம்பலாம். முன்னது 1986இலும் பின்னது 1987இலும் தொடங்கியவை, 1 முதல் 70 வரை தரம் போடுவார்கள். பேழையையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால் அதிலுள்ள எண்ணைச் செல்போனில் அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே காட்டும் காசும் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா என்று பாருங்கள். கேள்விப்படாத பெயரில் பேழை இருந்தால் வெறும் காசாக நினைத்தே விலை போடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் உறையில் கார்சன் சிட்டி டாலர் வந்தால் மட்டும் அந்த உறைக்கே மதிப்பு உண்டு. அரசாங்கக் கஜானாவில் தங்கிப்போன ஏறக்குறைய 30 லட்சம் வெள்ளி டாலர்களை 1972 முதல் 1980 வரை தபாலில் விற்றார்கள், அந்த உறை அதுதான். பெட்டியும் அட்டையும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள், வாங்கினால் உடைத்து வெளியே எடுக்காதீர்கள்.

புதிதாக வருபவர்கள் ஒரு வருடமாவது தொடக்கூடாதவை என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று, 1873 முதல் 1878 வரை சீன வணிகத்துக்காக அடித்த டிரேட் டாலர். சந்தையில் போலி அவ்வளவு அதிகம். எடை 27.22 கிராம் இருக்க வேண்டும், சரியான எடையிலும் போலி வருகிறது. இரண்டு, பேழையில் இல்லாத தங்கக் காசு. 1973ஆம் வருடச் சட்டப்படி நகல் காசில் “காப்பி” என்று பொறிக்க வேண்டும், ஆனால் போலி செய்கிறவன் அதைப் பார்த்தா செய்யப்போகிறான்? தங்க முலாம் பூசிய மாநிலக் கால் டாலர்கள், தொலைக்காட்சியில் விற்ற வண்ணப்படக் காசுகள் பெட்டி பெட்டியாக வரும், பாவம், அந்தப் பெரியவர் நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பார், நமக்கு அவை வேண்டாம்.

உச்ச விலையை எழுதுவது

பார்த்து முடித்ததும் வெளியே போய்க் காரில் உட்கார்ந்து ஒரு சூப் குடித்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். பிடித்த ஒவ்வொரு லாட்டுக்கும் எதிரே கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகலாம் என்று எழுதுங்கள், பிறகு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்கள் வரம்பு 100 டாலர், பிரீமியம் 15 சதவீதம் என்றால் 100ஐ 1.15ஆல் வகுக்க வேண்டும், 87 டாலர் வரும். அதன்மேல் 6 சதவீத வரியும் உண்டென்றால் 82 டாலர். நூறிலிருந்து பதினைந்தைக் கழித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறையப் பேர், அது தப்புக் கணக்கு. அந்த 82ஐ வட்டமிட்டு வையுங்கள், கை தூக்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணை மட்டும்.

விலை எங்கிருந்து எடுப்பது? புத்தகங்களிலும் ஆப்பிலும் இருப்பது பெரும்பாலும் கடையில் நீங்கள் கொடுக்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஈபேயில் “விற்றுமுடிந்தவை” என்று வடிகட்டிப் பார்த்தால் ஜனங்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியும், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். தரத்தில் சந்தேகம் இருந்தால் எப்போதும் ஒரு படி கீழே இறக்கியே எழுதுங்கள்.

கை தூக்குவது

மேசையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் எண் எழுதிய அட்டை தருவார்கள். ஊரில் மாதிரி “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்ல மாட்டார்கள். ஏலக்காரர் மூச்சுவிடாமல் ஒரு ராகத்தில் ஓடுவார், முதலில் ஒன்றுமே புரியாது. அதில் இரண்டு எண்ணை மட்டும் பிடியுங்கள், ஒன்று இப்போது கையில் இருக்கும் விலை, இன்னொன்று அவர் கேட்கும் அடுத்த விலை. நடுவில் வருவதெல்லாம் தாளம். நீங்கள் அட்டையைத் தூக்கினால் அந்த இரண்டாவது எண்ணுக்குச் சம்மதம் என்று பொருள். முதல் தடவை நன்றாக உயர்த்திக் காட்டுங்கள், உங்களைப் பார்த்துவிட்டார் என்றால் அப்புறம் தலையசைத்தாலே போதும். சுத்தியல் விழும் முன் தப்பாகத் தூக்கிவிட்டதாகத் தெரிந்தால் உடனே உரக்கச் சொல்லுங்கள், விழுந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது.

இரண்டு வார்த்தைகளில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். “டைம்ஸ் த மனி” என்றால் சொல்லும் விலை ஒரு காசுக்கு, ஆனால் லாட்டில் இருக்கும் அத்தனையும் எடுத்தாக வேண்டும். தட்டில் டாலர் காசுகள் பத்து இருந்து 30க்கு நின்றால் நீங்கள் கட்ட வேண்டியது 300. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞர் மொத்தமும் 30 டாலர் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கை தூக்கினார், பில் வந்தபோது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “சாய்ஸ்” என்றால் ஜெயித்தவர் தனக்கு வேண்டியதை மட்டும் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஒன்றோ மூன்றோ, மிச்சத்தை மறுபடி ஏலம் விடுவார்கள். சாய்ஸில் அவசரப்படாதீர்கள். முதல் சுற்றில் நல்லதை ஒருவர் எடுத்துக்கொண்டபின் விலை இறங்கும், அந்த மிச்சத்தில் மற்றவர்கள் கவனிக்காத மிண்ட் மார்க் ஒன்று இருந்தால் அது உங்களுடையது.

முன்வரிசை வியாபாரிகளைக் கவனியுங்கள். அவர்கள் லாபம் வைத்து விற்க வேண்டியவர்கள், அதனால் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிற நீங்கள் அதற்கு மேல் ஒரு படி போனாலும் பெரும்பாலும் கடை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகிற இருவரும் சேகரிப்பாளர்கள் என்றால் நடுவில் புகாதீர்கள், அங்கே நியாய விலை என்று ஒன்று கிடையாது. மதியத்துக்குப் பிறகு கூட்டம் கரையும், மழை நாளில் இன்னும் சீக்கிரம் கரையும். பட்டியலின் கடைசியில் இருக்கும் லாட்டுகளுக்காகப் பசியோடு காத்திருந்ததற்கு எனக்குப் பலன் கிடைத்த நாள்கள் பல.

ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும். அதனால் கடைசி நொடியில் போடுவதில் லாபம் இல்லை. உச்ச விலையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருப்பதால், முந்தைய நாள் நேரில் பார்க்க அனுமதிக்கும் ஏலங்களையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின்

எதையும் கழுவாதீர்கள். சோப்பு, புளி, பல்பொடி, துணி எதுவும் வேண்டாம். பழைய மெத்துமெத்தென்ற பிவிசி உறையில் இருந்தால் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு வந்திருக்கும். அதற்கு மட்டும் கலப்பில்லாத அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டத்தில். பிறகு பிவிசி இல்லாத மைலார் உறைக்கு மாற்றி, ஏலத் தேதி, லாட் எண், கொடுத்த தொகை எழுதி பில்லோடு வையுங்கள். விற்கும்போது வரிக் கணக்குக்கு அந்தப் பில் வேண்டும். இங்கே ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் சேகரிப்புப் பொருளுக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். முப்பது டாலர் பெறும் காசைத் தரம் பார்க்க அனுப்பாதீர்கள், அனுப்பும் செலவே காசின் விலையைத் தாண்டிவிடும்.

ஊரில் தாத்தா பெட்டியில் பழைய காசு இருக்கிறது, கொண்டுவந்து இங்கே விற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு இந்தியாவில் தொல்பொருள் சட்டத்தின்கீழ் (1972) வருகிறது, தனிநபர் வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. அதைச் செய்யாதீர்கள்.

அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் நம்மூர்க் காசு இங்கேயே வருகிறது. ஏறக்குறைய எல்லா ஏலத்திலும் “ஃபாரின்” என்று எழுதிய ஒரு சுருட்டுப் பெட்டி இருக்கும், யாரும் அதைக் கிளற மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் சீனா, பர்மா, இந்தியா முனையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பாக்கெட்டில் கொண்டுவந்த சில்லறை அது. 1943 முதல் வந்த நடுவில் ஓட்டை போட்ட பைசா, பூவிதழ் விளிம்பு ஒரு அணா, ஆறாம் ஜார்ஜ் ரூபாய் எல்லாம் கிடைக்கும். 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் பாதி வெள்ளி. பின்பக்கம் புலி நிற்கும் 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 91.7 சதவீத வெள்ளி, எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. போன வருடம் அப்படி ஒரு பெட்டியை 11 டாலருக்கு எடுத்தேன். அடியில் மடித்து வைத்த ஒரு ரூபாய் நோட்டு இருந்தது. சிப்பாய்கள் நண்பர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்நாளில் உண்டு. அதில் ஏழு பேர் மசியில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கையெழுத்தின் வால் நீண்டு வந்து, தமிழில் “ஒரு ரூபாய்” என்று அச்சடித்திருந்த இடத்தின் ஓரத்தில் நின்றது.